கூரைக்கு ஸ்பிரே ஃபோம்: மழையை விடப் பனிக்குத்தான் பயப்பட வேண்டும்

கூரைக்கு ஸ்பிரே ஃபோம் அடிக்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் நிற்பவர் முதலில் மழையைப் பற்றித்தான் கேட்பார். "மாரி முடியட்டும் தம்பி, பிறகு அடிக்கலாம்" என்பார். பிழையான புத்திமதி இல்லை. ஆனால் மழை பெய்தால் எல்லாருக்கும் தெரியும், அன்றைக்கு ஒருவரும் கூரையில் ஏறப் போவதில்லை. வேலையைக் கெடுக்கிறது பெரும்பாலும் கண்ணில் படாத ஈரம். விடியப்புறம் தகரத்தில் இறங்கிக் கிடக்கிற பனி, கொங்கிரீட்டுக்குள் ஊறிப்போன தண்ணீர், கடற்காற்று கொண்டுவந்து அப்பிவிட்டுப் போகிற உப்பு. திருகோணமலையில் இந்த மூன்றுக்கும் குறைவில்லை. அதற்கு மேல் ஒரு வில்லங்கம் இருக்கிறது: இங்கே ஈரம் குறைந்த நேரமும் காற்று குறைந்த நேரமும் ஒன்றாக வருவது அபூர்வம். இந்தக் கட்டுரையே அந்த வில்லங்கத்தைப் பற்றியதுதான்.

சாமான் என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம். பொலியூரிதேனை 1937இல் ஜேர்மனியில் ஓட்டோ பேயரும் அவரோடு வேலை செய்தவர்களும் கண்டுபிடித்தார்கள். கூரைக்கு அடிக்கிற வகை இரண்டு பீப்பாய்களில் வரும். ஒன்றில் ஐசோசயனேட் என்கிற இரசாயனம். மற்றதில் பொலியோல் என்கிற பிசின், அதோடு ஊக்கிகள், நுரைக்க வைக்கிற திரவம், தீயை மட்டுப்படுத்துகிற மருந்து எல்லாம் கலந்திருக்கும். மெஷின் இரண்டையும் சூடாக்கி, சரிக்குச் சரி அளவில், ஸ்பிரே கன்னுக்குள் வைத்துக் கலந்து விசிறும். கூரையில் விழுந்த சில விநாடிகளில் 20, 30 மடங்கு ஊதி இறுகிவிடும். மூட்டு இல்லை, ஆணி இல்லை, ஒரே தோலாகக் கூரை முழுக்க ஒட்டிக்கொள்ளும். சூட்டைத் தடுப்பதில் ஒரு அங்குல ஃபோமுக்கு நிகராக அதே தடிப்பில் வேறு பொருள் தேடுவது கஷ்டம். அமானோ தகரச் சீட் போட்ட வீட்டுக்குள் பங்குனி, சித்திரை மத்தியானத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இதற்கு ஏன் ஆசைப்படுகிறார்கள் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் எல்லாம் அந்தச் சில விநாடிகளுக்குள்ளேயே நடந்து முடிகிறது. பூச்சு வேலை மாதிரி, பிழைத்தால் மட்டக்கோலால் இழுத்துச் சரிபண்ணலாம் என்ற கதையே கிடையாது.

ஈரம் ஏன் இவ்வளவு பெரிய எதிரி? ஐசோசயனேட்டுக்குத் தண்ணீர் என்றால் சும்மா கடந்துபோக முடியாது. பொலியோலோடு சேர வேண்டிய ஐசோசயனேட், தண்ணீரைக் கண்டால் அதோடும் சேர்ந்து கரியமில வாயுவை வெளிவிடும். ஒரு கிராம் தண்ணீர் முழுவதும் தாக்கம் புரிந்தால் ஏறத்தாழ 15 கிராம் ஐசோசயனேட்டைத் தின்றுவிட்டு, ஒரு லீற்றருக்கு மேல் வாயுவைக் கக்கும். இப்போது ஒரு விடியற்காலைத் தகரத்தை எடுங்கள். பனி வெறும் 0.05 மில்லிமீற்றர் படலமாகப் படிந்திருந்தால்கூட ஒரு சதுர மீற்றருக்கு 50 கிராம் தண்ணீர். அதே சதுர மீற்றரில் ஒரு அங்குலத் தடிப்புக்கு அடிக்கிற ஃபோமின் மொத்த நிறையே ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், அதில் ஏறத்தாழ பாதிதான் ஐசோசயனேட். ஆக, கணக்குப்படி அந்தப் பனி மட்டுமே ஐசோசயனேட் முழுவதையும் விழுங்கிவிடலாம். நடைமுறையில் அவ்வளவு தூரம் போகாது, ஃபோம் அதற்கு முன்னமே இறுகிவிடும். கெட்டுப்போவது அடியில் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிற மெல்லிய படைதான். ஒட்ட வேண்டியதும் அந்தப் படைதான் என்பதுதான் கொடுமை.

மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பார்க்க அழகாக, ஒரே மட்டமாக இருக்கும். காசும் கொடுத்து முடித்திருப்பீர்கள். பிறகு வெயில் ஏறும். ஒட்டாத இடத்தில் அகப்பட்ட ஈரம் ஆவியாகும். 25 பாகையில் இருப்பதைவிட 60 பாகையில் நீராவியின் அமுக்கம் ஆறு மடங்குக்கு மேல். உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்து விரியும். மத்தியானம் ஊதும், இரவில் அடங்கும், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் அகலமாக ஊதும். இப்படித்தான் கொப்புளம் வளர்கிறது. அப்படி ஒரு கொப்புளத்தைக் கத்தியால் அறுத்துப் பார்த்தால் காரணம் அடியிலேயே எழுதியிருக்கும். நன்றாக ஒட்டியிருந்த ஃபோமைப் பிய்த்தால் அது தன் உடம்பில்தான் கிழியும், கூரையில் மஞ்சள் துணுக்குகள் மிஞ்சும். ஈரத்தில் அடித்தது முழுத்தோலாகக் கழன்று வரும், அடிப்பக்கம் வழுவழுப்பாகவோ, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்வதாகவோ இருக்கும், கூரை கழுவிவிட்டது மாதிரிச் சுத்தமாக இருக்கும். வேலை எடுத்தவர் "சாமான் பிழை" என்பார். சாமான் விற்றவர் "அடிச்ச விதம் பிழை" என்பார்.

சரி, அடிக்கலாமா கூடாதா என்று எப்படித் தீர்மானிப்பது? இந்தத் தொழிலில் பொதுவாகக் கைக்கொள்கிற விதி ஒன்று உண்டு. கூரை மேற்பரப்பின் சூடு, பனிபடு நிலையை விடக் குறைந்தது 3 பாகை செல்சியஸாவது கூட இருக்க வேண்டும். பனிபடு நிலை என்பது காற்று எந்தச் சூட்டுக்கு இறங்கினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்குமோ அந்த அளவு. இதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதன் எத்தனை சதவீதம் என்று பார்த்து, அதை 100இலிருந்து கழித்து, 5ஆல் பிரித்து, வருவதைக் காற்றின் சூட்டிலிருந்து கழித்தால் ஏறத்தாழ பனிபடு நிலை கிடைக்கும். 30 பாகை, 75 சதவீதம் என்றால் 25. ஈரப்பதன் 50க்கு மேல் இருக்கிற வரைக்கும் இந்தக் கைக்கணக்கு பரவாயில்லை, நம்முடைய கரையோரத்தில் அது 50க்குக் கீழே போவதே அதிசயம். இதைவிட, ஈரப்பதன் 80, 85 சதவீதத்தைத் தாண்டினால் அடிக்க வேண்டாம் என்று பெரும்பாலான ஃபோம் வகைகளின் தரவுத் தாளிலேயே போட்டிருக்கும். கைபேசியில் காட்டுகிற ஈரப்பதன் எங்கேயோ உள்ள நிலையத்தினுடையது. உங்கள் கூரையினுடையது வேறாக இருக்கும். சின்ன ஈரமானி ஒன்றை வாங்கிக் கூரைக்கே கொண்டுபோவது நல்லது.

விடியற்காலை ஐந்தரை மணிக்குக் காற்று 26 பாகை, ஈரப்பதன் 88 சதவீதம் என்று வையுங்கள். பனிபடு நிலை 24க்குச் சற்றுக் குறைவு. முகில் இல்லாத இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் காற்றை விடவும் குளிர்ந்து 23க்குப் போய்விடும். ஆகவே காற்றுச் சூட்டைப் பார்த்து "26 இருக்கே" என்று சொன்னால் அர்த்தமில்லை, தகரம் ஏற்கெனவே நனைந்திருக்கிறது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். எட்டு மணி வெயிலில் கிழக்குப் பக்கச் சாய்வு பட்டென்று காய்ந்துவிடும். மேற்குப் பக்கமும், தண்ணீர்த் தாங்கியின் நிழலும், வேப்பமரம் சாய்ந்து நிற்கிற மூலையும் காயாது. அதிலும் ஒரு சீட்டின் மேல் இன்னொன்று ஏறுகிற இடத்தில், இடுக்குக்குள் உறிஞ்சப்பட்ட தண்ணீர் மத்தியானம் வரைக்கும் நிற்கும். வேட்டித் துணியால் மேலே துடைத்துவிட்டுக் காய்ந்துவிட்டது என்று சொல்கிறவர்களை அந்த ஏற்றத்தைக் கொஞ்சம் நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு விசயம், துப்பாக்கி மாதிரிப் பிடித்துச் சூடு பார்க்கிற கருவி பளபளக்கிற தகரத்தில் பொய் சொல்லும். தகரத்தின் சூட்டுக்குப் பதிலாக அதில் பட்டுத் திரும்புகிற வானத்தின் சூட்டைப் படித்துவிட்டுக் குறைவாகக் காட்டும். கறுப்பு இன்சுலேசன் டேப் ஒரு துண்டை ஒட்டி, அதற்கு மேல் பிடித்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

பனிபடு நிலைக் கணக்கு எல்லாம் சரியாக வந்தாலும் கடற்கரைப் பக்கம் ஏமாற்றுகிற ஒன்று உப்பு. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரமாகப் போனால் கூரையில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தாலே கரிக்கும். சோற்றுப்பு காற்றின் ஈரப்பதன் 75 சதவீதம் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் சேர்ந்திருக்கிற மக்னீசியம் குளோரைட்டு அதைவிட மோசம், ஏறத்தாழ 33 சதவீதத்திலேயே இழுக்கும். அதாவது கூரை பனிபடு நிலையை விட 5 பாகை கூடுதலாக இருந்தாலும், உப்புப் படிந்த கூரை உண்மையில் ஈரமாகத்தான் இருக்கிறது. குளிர் நாடுகளில் எழுதின கைநூலில் பனிபடு நிலைக்குப் பக்கம் பக்கமாக இருக்கும், உப்புக்கு ஒரு வரி இருந்தால் பெரிய விசயம். உப்பு ஃபோமுக்கு அடியில் அகப்பட்டால் ஒட்டாதது மட்டுமில்லை, தகரத்தை அங்கிருந்தே அரிக்கும், வெளியே தெரியவும் மாட்டாது.

அதனால் அடிக்கிறதற்கு முதல் கழுவியே ஆக வேண்டும். எந்தத் தண்ணீரில் என்பதுதான் கேள்வி. கரையோரக் கிணறுகள் நிறையவற்றில் உவர். உவர்த் தண்ணீரில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைத் தடவுகிற வேலை. பவுசரில் நல்ல தண்ணீர் எடுப்பித்தோ குழாய்த் தண்ணீரிலோ கழுவி, ஒரு முழு வெயில் காயவிட்டு, மறுநாள் அடிக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து அடித்தால் திரும்ப உப்பு ஏறியிருக்கும். ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும்: பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டை அமுக்க மெஷினால் கழுவுவதோ கம்பித் தூரிகையால் சுரண்டுவதோ கூடவே கூடாது. அதன் நார்த்தூள் நெஞ்சுக்குள் போனால் பிறகு எடுக்க முடியாது. அப்படியான கூரை என்றால் ஃபோம் பற்றிய பேச்சையே தள்ளிவைத்துவிட்டு, அதைப் பத்திரமாக மாற்றுவதற்கு வழி பாருங்கள்.

கொங்கிரீட் சிலாப் வேறு கதை. புதுக் கொங்கிரீட் என்றால் 28 நாளாவது போக வேண்டும் என்பது எல்லா மேசனுக்கும் தெரியும். பழைய சிலாப்பில்தான் ஏமாறுகிறார்கள். மாரி முழுக்கக் குடித்த தண்ணீரை அது மாசி வெயிலில் இரண்டு நாளில் விட்டுவிடாது. மேல்தோல் வெள்ளையாகக் காய்ந்திருக்கும், அரை அங்குலத்துக்குக் கீழே ஈரம் இருக்கும். இதற்கு மலிவான சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிந்த பொலித்தீன் துண்டை எடுத்து நாலு ஓரத்தையும் டேப்பால் இறுக ஒட்டி 16 மணித்தியாலம் விடுங்கள். பின்னேரம் ஒட்டினால் மறுநாள் காலையில் பார்க்கலாம். பொலித்தீனின் உட்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தாலோ, கொங்கிரீட் அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ அடிக்க வேண்டாம். ஒரு இடத்தில் மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது. தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிகிற குழாய்க்குக் கீழே, கைப்பிடிச் சுவர் ஓரத்தில், தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்த பள்ளத்தில் எல்லாம் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

விடுதிக்காரர்கள் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. மேல்மாடி அறைகளில் இரவு முழுக்க ஏசி ஓடினால் அதற்கு மேலே உள்ள சிலாப்பும் குளிரும், அங்கே மட்டும் பனி கூடுதலாக இறங்கும், காலையில் காயவும் நேரமெடுக்கும். வேலைக்கு முதல் நாள் இரவு அந்த அறைகளில் ஆள் விடாமல் ஏசியை நிறுத்தி வைப்பது நல்லது. எப்படியும் ஃபோம் அடிக்கிற நாளில் உள்ளே ஆட்கள் இருக்கக் கூடாது, ஐசோசயனேட் புகை மூச்சுக்கு ஆகாது.

இனி நாட்காட்டி. திருகோணமலையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். அதில் பாதிக்கு மேல் ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டிவிடும். அந்த நாலு மாதமும் கணக்கில் இல்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் இந்தப் பக்கத்தால்தான் கரையேறியது, அந்தப் பருவத்தில் அரைகுறைக் கூரையோடு யாரும் இருக்க விரும்ப மாட்டார்கள். சித்திரையில் மத்தியானத்துக்குப் பிறகு இடி மழை திடீரென்று வரும், ஓகஸ்ட், செப்டெம்பர் பின்னேரங்களிலும் அப்படித்தான். ஆகவே கோடையில், மே கடைசியிலிருந்து ஜூலை வரைக்கும், அடிப்பதுதான் புத்தி என்று எல்லாரும் முடிவுக்கு வருவார்கள். ஈரத்தை மட்டும் பார்த்தால் அது சரி. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்குகிற கச்சான் காற்று சூடாகவும் காய்ந்தும்தான் வரும். 34 பாகை, 55 சதவீதம் என்றால் பனிபடு நிலை 24, 25க்குக் கிட்ட. தகரம் அதைவிட எவ்வளவோ மேலே. அடிக்க வேண்டியதுதானே?

அங்கேதான் காற்று குறுக்கே வருகிறது. மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றருக்கு மேல் காற்று வீசினால், மறைப்புக் கட்டாமல் அடிக்கக் கூடாது. கன்னிலிருந்து வருவது தூவானம் மாதிரி, காற்று அதைப் பிடித்துக்கொண்டு போய்ப் பக்கத்து வளவில் நிற்கிற வாகனத்தில், கொடியில் காய்கிற உடுப்பில், கண்ணாடி யன்னலில் எல்லாம் ஒட்டிவிடும். ஒட்டினது கழுவினால் போகாது. கூரையிலும் பிழைக்கும், ஃபோமின் சூட்டைக் காற்று பறித்துக்கொண்டு போவதால் மேற்பரப்பு சொரசொரப்பாகும். தொழிலில் இதற்குத் தரம் வைத்திருக்கிறார்கள்: தோடம்பழத் தோல் போல இருந்தால் நல்லது, பொப்கோர்ன் போல வந்தால் ஆகாது, மரப்பட்டை போல வந்தால் வெட்டி எறிய வேண்டியதுதான். பள்ளமும் மேடுமாக இருந்தால் மேலே போடுகிற பூச்சு சரியாக மூடாது, மூடாத ஊசித்துவாரத்தால் தண்ணீர் உள்ளே போகும். கச்சான் நாட்களில் இன்னொரு தொல்லை, காலையில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும், மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று எதிர்ப்பக்கத்தால் திரும்பும். காலையில் பாதுகாப்பாக மேற்குப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தின வாகனத்தைப் பின்னேரம் தேடிப் போய்ப் பார்த்தால் புள்ளி புள்ளியாக இருக்கும்.

அப்படியானால் காற்று எழும்ப முதல் விடியற்காலையிலேயே முடித்துவிடலாமே என்றால் பனி. பனி காய்ந்த பிறகு அடிக்கலாமே என்றால் காற்று. இரண்டையும் தப்பி மத்தியானம் காற்று ஓய்ந்த நாள் ஒன்று கிடைத்தால், தகரம் 60 பாகையைத் தாண்டிக் கொதிக்கும். மேற்பரப்பு 50 பாகைக்குக் கிட்டப் போனாலே ஃபோம் பரவி ஒட்ட நேரமில்லாமல் விழுந்தவுடன் ஊதிவிடும். கடைசியில் மிஞ்சுவது காலை எட்டு, எட்டரையிலிருந்து பத்து, பதினொரு மணி வரைக்கும் உள்ள துண்டுதான், அதுவும் எல்லா நாளும் இல்லை. ஒரு நாளில் முழுக்கூரையும் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் இந்தத் துண்டுக்கு வெளியேயும் அடிக்கப் போகிறார் என்றுதான் அர்த்தம்.

என்னைக் கேட்டால், தகரக் கூரைக்கு மாசிக் கடைசியும் பங்குனியும் கோடையை விட நல்லது. பனி இருக்கும், ஆனால் பனி எட்டு மணிக்குக் காயும். கச்சான் இன்னும் எழும்பியிருக்காது. சிலாப்புக்கு அது பொருந்தாது, மாரியில் குடித்தது இன்னும் உள்ளே இருக்கும். சிலாப்பை ஜூனுக்குத் தள்ளி, காற்று மறைப்புக்கு ஆகிற செலவையும் சேர்த்துப் பேசிக்கொள்வதுதான் வழி.

கூரையை விட்டால் சாமானுக்குள்ளேயே ஈரம் புகுகிற வழிகளும் உண்டு. ஐசோசயனேட் பீப்பாயின் மூடியைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தாலேயே மேலே தோல் படர்ந்து, துகள் கட்டி, கன் அடைபடும். பீப்பாயின் மூச்சுவழியில் ஈரம் உறிஞ்சுகிற குப்பி பூட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். பீப்பாயைத் தகரக் கொட்டிலுக்குள் வேகவிடக் கூடாது, 15இலிருந்து 27 பாகைக்குள் வைக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுறுத்தல், நம்முடைய வெயிலில் அதற்கு ஏசி அறைதான் வேண்டும். கொம்பிரசரும் அப்படித்தான். காலையில் அதன் அடிக்குழாயைத் திறந்துவிட்டால் கோப்பைக் கணக்கில் தண்ணீர் ஊற்றும். காற்றை உலர்த்துகிற பகுதி பூட்டாவிட்டால் அந்தத் தண்ணீர் கன் வழியாக நேரே ஃபோமுக்குள் போகும், வெயில் எரிக்கிற நாளிலும்.

அடித்து முடித்த பிறகும் வானிலை விடாது. ஃபோம் வெயிலைத் தாங்காது, சில நாளிலேயே மஞ்சள் பழுப்பாகி மேல்தோல் தூளாகும். ஆகவே 24 மணித்தியாலத்துக்குள், மிஞ்சிப் போனால் 72க்குள், மேற்பூச்சு போட்டாக வேண்டும். சிலிக்கோன் பூச்சு காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும், நம்முடைய ஊருக்கு அது சாதகம், தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். அக்ரிலிக் விலை குறைவு, ஆனால் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிப் போனால்தான் இறுகும். பின்னேரம் நாலு மணிக்குப் பூசிவிட்டு இரவில் பனியோ, பத்து நிமிட மழையோ விழுந்தால் பால் மாதிரிக் கரைந்து பீலியால் ஓடும். அக்ரிலிக் என்றால் மத்தியானத்தோடு தூரிகையைக் கீழே வைக்க வேண்டும். இரண்டு பூச்சுக்கு இடையில் ஒரு இரவு போனால் உப்பு திரும்ப ஏறியிருக்கும், நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டுத்தான் இரண்டாவது.

ஏற்கெனவே அடித்துக் கொப்புளம் கண்டவர்கள் அவசரப்பட்டு எல்லாவற்றையும் குத்த வேண்டாம். தோல் கிழியாத, உள்ளங்கைக்குள் அடங்குகிற கொப்புளம் தண்ணீரை உள்ளே விடாது, அதில் திகதியைப் போட்டு அளவை எழுதி வைத்து வளர்கிறதா என்று பாருங்கள். வளர்கிறதையும் வெடித்ததையும் மட்டும் நன்றாக ஒட்டியிருக்கிற இடம் வரைக்கும் சாய்வாக வெட்டியெடுத்து, அடியைக் கழுவி, காயவிட்டு, திரும்ப அடிக்க வேண்டும். மாரியில் வெடித்தால் வெட்டாதீர்கள், ஈரம் பட்டாலும் ஒட்டக்கூடிய சீலன்ட் ஒன்றால் வாயை அடைத்து வையுங்கள், வெட்டுகிற வேலை பங்குனிக்கு.